பாதியில் நின்ற பாட்டு

காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். இந்தக் கதைக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம்.

திண்டுக்கல் கமலவேணி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். "குரலைக் கேட்டாப் போதும், ஆளை எடை போட்டுருவேன்" என்பது அவள் பெருமை. ஆனால் பெற்ற தாயின் குரலை அவள் கேட்டதே இல்லை. நாடகத்தில் பாடிய அம்மா, இவளைப் பெற்ற மூன்றாம் நாளே போய்ச் சேர்ந்துவிட்டாள். அம்மா பாடி வெளிவந்தது ஒரே ஒரு கிராமபோன் தட்டு. அதில் இருந்ததும் ஒரே ஒரு பாட்டு, அந்தக் காலத்தில் எல்லா நாடகக்காரர்களும் பாடிய தாலாட்டு. "உங்கம்மா குரல் கணீர்னு இருக்கும்" என்று சித்தி சொன்னதை வைத்துக்கொண்டே இவளுக்கு அறுபது வயதாகிவிட்டது.

பழைய தட்டுகள் விற்கும் இணையச் சந்தை ஒன்றில் அந்தத் தட்டு திடீரென்று மூன்று பேரிடம் முளைத்தது.

முதல் ஆள் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னான். சந்தை வழியாக வேண்டாம், நேரே தன் கணக்கில் பணத்தைப் போடச் சொன்னான். தட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னதும் ஆளையே காணோம். போகட்டும் என்று விட்டுவிட்டாள். அந்த அளவுக்கு அவளுக்கு விவரம் உண்டு.

மற்ற இருவரும் படம் அனுப்பினார்கள். இரண்டு படங்களிலும் பாட்டின் பெயரும் அம்மாவின் பெயரும் தெளிவாக இருந்தன. நடுவட்டத்தில் ஒரு பக்கம் 'முதற் பாகம்', மறுபக்கம் 'இரண்டாம் பாகம்' என்று அச்சிட்டிருந்தது.

"வீடியோ எல்லாம் வேண்டாம். போனிலேயே போட்டுக் காட்டுங்க, எனக்குக் காது போதும்" என்றாள் இருவரிடமும்.

திவாகர் என்பவன் தேனாகப் பேசினான். "உங்களுக்குன்னே எடுத்து வச்சிருக்கேம்மா. இன்னும் ரெண்டு பேர் கேக்குறாங்க, இன்னிக்கே முடிச்சுக்குங்க" என்றான். பாட்டைப் போட்டான். லேசான சரசரப்போடு, கணீரென்ற குரலில், பல்லவி முதல் கடைசிச் சரணம் வரை ஒரே ஓட்டமாக ஓடி முடிந்தது. கமலவேணி தேம்பித் தேம்பி அழுதாள்.

காரைக்கால் அமீர்தீன் கறாரான ஆள். "தட்டுல ஒரு கீறல் இருக்கு. டொக்கு டொக்குனு கேக்கும். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கேட்டது வேறு ஒருத்தியின் குரல். மெல்லிசாக, கொஞ்சம் மூக்கால் பாடுகிற மாதிரி இருந்தது. முதல் சரணம் முடிந்ததும் பாட்டு நின்றுபோனது. "செத்த இருங்கம்மா" என்றார். அப்புறம் சத்தமே இல்லை. பாதியைக் காட்டி ஆசை மூட்டுகிறானா என்று கமலவேணிக்குக் கோபம் வந்தது. போனை வைத்துவிட்டாள்.

திவாகருக்குப் பணம் அனுப்ப விரலை நீட்டியிருக்கிறாள். இன்னும் தொடவில்லை.

சொல்லுங்கள்: இதில் எது அவளுடைய அம்மாவின் குரல்? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

விடை: பாதியில் நின்றதே அம்மாவின் குரல். சித்தி சொன்ன 'கணீர்' பாசத்தில் சொன்னது. பாட்டு இரண்டு பாகமாக இரண்டு பக்கத்தில் இருக்கிறது. தட்டைத் திருப்பாமல் அதை முழுதாகப் போட யாராலும் முடியாது. திவாகரிடம் தட்டே இல்லை; வேறு யாரோ எடுத்த தட்டின் படத்தை அனுப்பிவிட்டு, எந்த மேடையிலோ யாரோ பாடிய பதிவை ஓட விட்டிருக்கிறான். கமலவேணியும் படத்தை மறுபடி பார்த்தாள், விரலை எடுத்தாள். யாரோ ஒருத்திக்காக அழுதுவிட்டு, பெற்றவள் பாடியபோது கோபப்பட்டுப் போனை வைத்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். காரைக்காலுக்குப் போன் போட்டாள்.

"ஊசியை மாத்தி, சாவி குடுத்து, தட்டைத் திருப்பிப் போடுறதுக்குள்ள வச்சுப்புட்டீங்களேம்மா" என்றார் அமீர்தீன். "மிச்சத்தைப் போடவா?"