கரிச்சான் புகைக்குள் பறப்பது ஏன்

அறுப்பு முடிந்த வயலில் தாள் கொளுத்தும்போது கரிச்சான் குருவி புகைக்குள் பாய்ந்து பாய்ந்து பறப்பது பூச்சி பிடிக்கத்தான் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். அச்சிலும் வந்துவிட்டது. பறவைகளைப் பற்றி மனிதர் செய்த பிழைகளில் இதைவிடப் பெரியது இல்லை என்பதை மிகுந்த வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தக் காலத்தில், பறவைகளுக்குப் பேச்சு இருந்தபோது, கரிச்சான் வெள்ளை வெளேரென்று இருந்தது. வால் விசிறிபோல முழுதாக இருந்தது. பெயர் வெள்ளச்சி. ஆற்றங்கரையில் ஓலைக் கூரைகளாலான ஒரு நகரம். அதன் கூரை இடுக்குகளில் பொரித்த குஞ்சுகளுக்கெல்லாம் அவள்தான் பாட்டு சொல்லிக்கொடுப்பாள். முதல் பாட்டு, அந்த நகரம் முன்பு எரிந்த பாட்டு. பயம் வந்தால் புத்தி மறந்துவிடும், பாட்டு மறக்காது என்பதால் சிறகு முளைக்கும் முன்பே அதைக் கற்பிப்பது வழக்கம்.

‘கூரை எரியுது, கூடு எரியுது,
ஆத்துப் பக்கம் பற!
அம்மா கூப்பிட்டாலும் திரும்பாதே,
ஆத்துப் பக்கம் பற!’

ஒருநாள் சிட்டுக்குருவி தங்காயி சண்டைக்கு வந்தாள்.

“ஏக்கா, இதெல்லாம் ஒரு பாட்டா? எம்புள்ள பொடிச்சி கண்ணை மூட மாட்டேங்குறா. அம்மா கூப்பிட்டா திரும்பக் கூடாதாமே! நல்லதா ஒண்ணு சொல்லிக்குடுத்தா உன் அலகு தேஞ்சா போயிடும்?”

“எரிஞ்சது நிஜம்தானே, தங்காயி?”

“எரிஞ்சவங்க பாடட்டும். எம்புள்ளைக்கு எதுக்கு?”

பொடிச்சி நடுங்கிக்கொண்டிருந்தாள். வெள்ளச்சிக்கு மனசு கேட்கவில்லை. முதல் அடியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மாற்றினாள்.

‘தீயும் ஒருநாள் தூங்கிப் போகும்,
கூட்டுக்குள்ளே வா!’

குஞ்சுகள் குதித்தன. அந்த வருஷத்துக் குஞ்சுகள் எல்லாம் அதையே பாடி வளர்ந்தன.

ஆடிக் காற்றில், ஓர் உச்சி வேளையில், எவர் வீட்டு அடுப்பிலிருந்தோ ஒரு பொறி பறந்தது. தெரு தெருவாகத் தீ நடந்து வந்தது. பழைய பாட்டு படித்த பறவைகள் ஆற்றுப் பக்கம் பறந்தன. புதுப் பாட்டு படித்தவை பாடிக்கொண்டே கூட்டுக்குள் போயின.

“வெளியே வாங்கடி! ஆத்துப் பக்கம்!” என்று வெள்ளச்சி கத்தினாள். ஒன்றும் வரவில்லை. புகைக்குள் நுழைந்து ஒவ்வொன்றாகக் கவ்வி வந்து கரையில் போட்டாள். வெள்ளை கருகியது. வாலின் நடுப்பகுதி எரிந்து இரண்டாகப் பிளந்தது.

“பொடிச்சி எங்கக்கா?” என்றாள் தங்காயி.

வெள்ளச்சி திரும்பினாள். புகைக்குள்ளிருந்து மெல்லிய குரல் ஒன்று இன்னும் பாடிக்கொண்டிருந்தது.

‘கூட்டுக்குள்ளே வா... கூட்டுக்குள்ளே வா...’

அவள் அந்தக் கூரையை எட்டும் முன் பாட்டு நின்றுவிட்டது. எந்தக் கூரை என்பது பிறகு தெரியவில்லை.

அதன்பின் யாரும் அவளை வெள்ளச்சி என்று கூப்பிடவில்லை. அன்று முதல்தான், எங்கே தீ எரிந்தாலும் கரிச்சான் முதல் ஆளாக வந்து புகைக்குள் தாழப் பறந்து தேடுகிறது. வழியில் பூச்சி எதிர்ப்பட்டால் தின்றுவிடுகிறது.