ஒரே பார்வையில் நல்லபெருமாள்

மூக்கன்விளையில் ஒரு கலைக்கல்லூரி உண்டு. கலை அதில் எங்கே இருக்கிறது என்று கேட்கக் கூடாது, பெயர்ப்பலகையில் இருக்கிறது. அந்தக் கல்லூரி விடுதியின் கிணற்றடி அறையில் நான்கு மாணவர்கள் தங்கியிருந்தார்கள். நால்வருக்கும் சேர்த்து ஓர் அலமாரி, ஒரு சீப்பு, ஏறக்குறைய ஒரு புத்தி.

அவர்களில் சுடலைமணி தர்க்கத்தில் வல்லவன். விரலை உயர்த்தாமல் வாயைத் திறக்கமாட்டான். பால்வண்ணம் ரகசியம் காப்பதில் கெட்டிக்காரன். ஒரு ரகசியத்தைக் காப்பாற்ற எத்தனை பேரை வேண்டுமானாலும் துணைக்குச் சேர்த்துக்கொள்வான். ஞானதிரவியமோ பெரியவர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவன். ஒருமுறை பேருந்தில் நடத்துநர் “உள்ள போ, உள்ள போ” என்றதும் போய்க்கொண்டே இருந்து, முன்வாசல் வழியாக இறங்கி, பேருந்துக்கு முன்னால் நடந்து ஊர்போய்ச் சேர்ந்தவன்.

நான்காவது ஆள் நல்லபெருமாள். இது அவனுக்கு வந்த சோதனையைப் பற்றிய கதை.

சோதனை ஒரு குரூப் போட்டோவில் தொடங்கியது. வருஷந்தோறும் விடுதி மாணவர்கள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, முன்னால் நாற்காலியில் பேராசிரியர்களை உட்காரவைத்துப் படம் எடுப்பது அங்கே வழக்கம். சென்ற வருஷப் படத்தை நல்லபெருமாளின் அப்பா சங்கரபாகம் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். அப்பளம் போட்டு விற்கும் குடும்பம். படித்த முகம் சுவரில் ஏறுவது அதுதான் முதல் தடவை. மகனின் நெற்றியில் குங்குமம் வைத்து, தினமும் சாம்பிராணி காட்டினார்கள்.

விடுமுறைக்குப் போன நல்லபெருமாள் படத்தைப் பார்த்துவிட்டு, “குங்குமம் வச்சிருக்கது பொருளியல் படிக்கவன்லா?” என்றான்.

அம்மா சாம்பிராணித் தட்டைக் கீழே வைத்தாள்.

“அப்ப நீ எங்கலே?” என்றார் அப்பா.

“இந்தா, மூணாவது வரிசை… இது இல்ல. இதுதான்… ஆனா இவனுக்கு மூக்கு வேற மாதிரி இருக்கே.” நல்லபெருமாள் கண்ணாடியில் தன் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு வந்து மறுபடி தேடினான். எல்லாருக்கும் ஒரே கிராப்பு, ஒரே மீசை, ஒரே வெள்ளைச் சட்டை, ஒரே முழி. கிடைக்கவில்லை.

“எவன் பிள்ளைக்கோ நான் திருஷ்டி சுத்திப் போட்டிருக்கேனே!” என்று அம்மா வாயில் முந்தானையை வைத்தாள்.

சங்கரபாகம் தீர்ப்புச் சொன்னார். “இந்தா பாருலே. இந்த வருஷம் நான் ஒரே ஒரு பார்வைதான் பாப்பேன். பாத்ததும் விரலை வைப்பேன். வச்ச இடத்துல என் மகன் இருக்கணும். கூட்டத்துல காணாமப் போறதுக்கு காலேஜு எதுக்கு? விரல் தப்பிப் போச்சுன்னா படிப்பை விட்டுட்டு வந்துரு. மாடியில காயுத அப்பளத்துக்குக் காக்கா ஓட்ட ஆள் இல்லாம நானே ஓட்டிட்டிருக்கேன்.”

அந்த மாடி நல்லபெருமாளுக்குத் தெரியும். அந்த வெயில் தெரியும். அந்தக் காக்காய்களும் அவனைத் தெரிந்துவைத்திருந்தன. அவன் கலங்கிய கண்ணோடு விடுதிக்குத் திரும்பினான்.

கிணற்றடி அறையில் சபை கூடியது.

“நான் வித்தியாசமா ஆவணும் மக்கா. வித்தியாசம்னா என்னது?” என்றான் நல்லபெருமாள்.

சுடலைமணி விரலை உயர்த்தினான். “மத்தவன் மாதிரி இல்லாம இருக்கது.”

“எந்த மத்தவன்?”

“உன்னைத் தவிர எல்லாவனும்.”

“அவனுவ எல்லாம் என்னை மாதிரி இல்லாமத்தானே இருக்கானுவ?”

“ஆமா.”

“அப்ப நான் ஏற்கெனவே வித்தியாசமாத்தானே இருக்கேன்?”

சுடலைமணியின் விரல் பாதிவழியில் நின்றது. தத்துவத்துறையே கையை விரிக்கக்கூடிய கேள்வி அது. கடைசியில், “இருக்கே. ஆனா உங்கப்பாவுக்கு அது தெரியல” என்று முடித்தான். வித்தியாசம் உள்ளே இருந்தால் போதாது, போட்டோவில் விழவேண்டும் என்று சபை ஒருமனதாகத் தீர்மானித்தது.

“மொட்டை போட்டுரு” என்றான் ஞானதிரவியம். “எங்க ஊரு சர்ச்சு உபதேசியார் சொல்லுவாரு, தலைதான் பிரதானம்னு.”

நால்வரும் முடிதிருத்தும் கடைக்குப் போனார்கள். நல்லபெருமாளின் தலை வழவழவென்று வெளிப்பட்டதும் மற்ற மூவருக்கும் நெஞ்சு கனத்தது.

“பாவம்லே. ஒத்தையில இப்படிப் போனா பயலுவ கேலி பண்ணுவானுவ” என்றான் பால்வண்ணம்.

“நாம எதுக்கு இருக்கோம்?” என்றான் சுடலைமணி.

கடைக்காரர் மறுபடி கத்தியைத் தீட்டினார். கொஞ்ச நேரத்தில் நால்வரும் ஒருவர் தலையில் ஒருவர் முகம் பார்த்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

ஒருவன் மொட்டை போட்டால் வேண்டுதல் என்பார்கள். நாலு பேர் சேர்ந்து போட்டால் அதற்குப் பெயர் நாகரிகம். சாப்பாட்டுக்கூடத்தில் நான்கு தலைகள் விளக்கொளியில் மின்னுவதை விடுதி பார்த்தது. வித்தியாசமாக இருக்கவேண்டும் என்ற ஆசை யாரைத்தான் விட்டது? முதலில் மாடி அறைக்காரர்கள் போட்டார்கள். மாடி போட்டபின் கீழே சும்மா இருப்பார்களா? அந்த வாரம் முடிவதற்குள் விடுதியில் முடி என்பது போர்வையில் மட்டும் இருந்தது. கல்லூரி முதல்வர் அந்த நாகரிகத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துசேர்ந்தவர் என்பதால் அவருக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

“போச்சு” என்றான் நல்லபெருமாள். “முந்தி மீசைக்கு மேல முடியாவது இருந்துச்சு. இப்ப அதுவும் இல்லாம எல்லாவனும் ஒண்ணா இருக்கான்.”

“கவலைப்படாதே. எல்லாரும் மொட்டைன்னா இனி முடி இருக்கவன்தான் வித்தியாசம். வளத்துருவோம்” என்றான் சுடலைமணி.

“படம் எடுக்க நாளு நெருங்கிட்டே?”

“எங்க வாழைக்கு எங்கப்பா சாணி வைப்பாரு. சடசடன்னு வரும்” என்றான் பால்வண்ணம்.

நல்லபெருமாளைத் தோட்டத்தில் உட்காரவைத்து, தலையில் சாணத்தை அப்பி, பூவாளியால் காலையும் மாலையும் நீர் விட்டார்கள். வேருக்கு அடியில் தண்ணீர் தேங்கிவிடக் கூடாதென்று பால்வண்ணம் காதுகளைத் துணியால் அடைத்தான். வெயில் ஏற ஏற ஈக்கள் அடர்த்தியாக வந்தன, முடி வரவில்லை. தோட்டக்காரர் எட்டிப் பார்த்து, “இந்த மண்ணுல கீரைகூட வராதே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

படம் எடுப்பதற்கு முந்தைய நாள் சபை மறுபடி கூடியது. யாரும் நல்லபெருமாளுக்கு மிக அருகில் உட்காரவில்லை.

“நாளைக்கு எல்லாரும் எந்தப் பக்கம் பாப்பாங்க?” என்று கேட்டான் சுடலைமணி.

“கேமராவை.”

“நீ திரும்பி நின்னுரு. அம்புட்டுதான்.”

மற்ற இருவரும் கைதட்டினார்கள். நல்லபெருமாளுக்கு மட்டும் ஒரு சந்தேகம். “முகம் தெரியாதே?”

“உங்கப்பா உன்னை அடிக்கும்போது எங்க அடிப்பாரு?”

“முதுகுல.”

“அப்ப அவருக்கு எது ரொம்பப் பழக்கம்?”

நல்லபெருமாள் எழுந்து சுடலைமணியைக் கட்டிக்கொண்டான். சுடலைமணி குளிக்கப் போனான்.

இந்த யோசனையும் மொட்டையைப் போலப் பரவிவிடக் கூடாதே என்ற பயம் பால்வண்ணத்துக்கு வந்தது. அவன் இரவோடு இரவாக ஒவ்வோர் அறைக் கதவையும் தட்டினான். “நாளைக்கு நல்லபெருமாள் மட்டும்தான் திரும்பி நிப்பான். வேற ஒருத்தனும் திரும்பிரக் கூடாது. இது ரகசியம். சத்தியம் பண்ணு.”

எல்லாரும் சத்தியம் செய்தார்கள். செய்துவிட்டுப் படுத்தபின் ஒவ்வொருவனும் யோசித்தான்: ‘அத்தனை பேரும் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு நிப்பானுவ. அந்த நேரம் பாத்து நான் ஒருத்தன் திரும்பினா?’ ஒவ்வொருவனும் இருட்டில் சிரித்துக்கொண்டான்.

மறுநாள் மைதானத்தில் பெஞ்சுகள் போட்டார்கள். முன்வரிசையில் முதல்வரும் பேராசிரியர்களும் விறைப்பாக உட்கார்ந்தார்கள். பின்னால் வரிசை வரிசையாக மொட்டைத் தலைகள். போட்டோக்காரர் கேமராவுக்குப் பின்னால் குனிந்து, “ரெடி… ஒன்… டூ…” என்றார்.

த்ரீ சொல்வதற்குள் விடுதி முழுவதும் சடாரென்று திரும்பியது.

“யாருலே அது திரும்பி நிக்கது?” என்று போட்டோக்காரர் அலறினார்.

நல்லபெருமாளும் திரும்பித்தான் நின்றிருந்தான். ஆனால் அவன் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. கேட்டால் பதில் சொல்லவேண்டும் அல்லவா? முகத்தைக் கேமராப் பக்கம் திருப்பி, “நான்தான் சார்” என்றான்.

பதற்றத்தில் போட்டோக்காரரின் விரல் பொத்தானை அமுக்கிவிட்டது.

படம் கழுவி வந்தபோது நல்லபெருமாள் ஆனந்தக் கூத்தாடினான். நாற்பது சொச்சம் முதுகுகளுக்கு நடுவே, வாயை ‘நான்’ என்று திறந்தபடி அவன் முகம் ஒன்றே ஒன்று. அடுத்த தெருவில் நின்று பார்த்தாலும் அப்பாவால் விரல் வைக்க முடியும். அவன் காக்காய்களை மனதாரப் பிரிந்தான்.

முதல்வருக்குப் படம் வேறுவிதமாகப் பட்டது. “எனக்குப் பின்னால பானைக்கடை போட்டது யாருய்யா?” என்றார் முதலில். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பானைகளுக்குக் கழுத்தும் சட்டையும் இருந்தன. நல்லபெருமாளை முன்னால் நிறுத்தி விசாரணையைத் தொடங்கினார்.

“திரும்பி நின்ன அத்தனை பேரையும் தண்டிக்கணும்” என்றார். “ஆனா முதுகை வச்சு யாருன்னு சொல்றது? சட்டப்படி இந்தப் படத்துல அடையாளம் தெரியறவன் நீ ஒருத்தன்தான். அதனால குற்றவாளியும் நீ ஒருத்தன்தான்.”

“சார், நான் மட்டும்தான் சார் நேராப் பாத்தேன்.”

“அதைத்தான் நானும் சொல்றேன். அகப்பட்டுக்கிட்டே.”

முதல்வர் படத்தைச் சுக்குநூறாகக் கிழித்தார். மறுபடி படம் எடுக்க உத்தரவிட்டார். அன்றைக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

சங்கரபாகம் முதல் பேருந்திலேயே வந்து இறங்கினார். மைதானத்தில் விடுதி வரிசையாக நின்றிருந்தது. இந்தமுறை முதல்வர் கேமராவுக்கு அருகில் நின்றுகொண்டு கட்டளையிட்டார்: “எல்லாரும் என்னைப் பாருங்க. எவனும் வாயைத் திறக்கக் கூடாது. பக்கத்துல இருக்கவன் செய்யாத எதையும் எவனும் செய்யக் கூடாது!” பிறகு சங்கரபாகத்தைப் பார்த்து, “உங்க பையனால வந்த வினை இது. கூப்பிட்டுக் கண்டிச்சுட்டுப் போங்க” என்றார்.

“கூப்பிட வேண்டாம் சார்” என்றார் சங்கரபாகம். “ஒரே பார்வை. நானே விரலை வைப்பேன்.”

மூன்றாவது வரிசையில் நல்லபெருமாளுக்கு வேர்த்துக் கொட்டியது. ‘அப்பா!’ என்று கத்தலாம். வாயைத் திறக்கக் கூடாது. கையைத் தூக்கலாம், பக்கத்தில் இருக்கும் பால்வண்ணம் தூக்கவில்லை. கண்ணைச் சிமிட்டிப் பார்த்தான். பால்வண்ணம் அதைக் கவனித்து, கட்டளையை மீறாமல் இருக்கத் தானும் சிமிட்டினான். சிமிட்டல் வரிசை முழுக்க ஓடியது. நல்லபெருமாளுக்கு அழுகை வந்தது. ஒரு சொட்டு கன்னத்தில் இறங்கியது. பால்வண்ணமும் அழுதான். அவனைப் பார்த்துச் சுடலைமணி. பிறகு விடுதியே மௌனமாகக் கண்ணீர் விட்டது.

சங்கரபாகம் ஒரே ஒரு பார்வை பார்த்தார். தயங்கவில்லை. விறுவிறுவென்று நடந்துபோய், ஞானதிரவியத்தின் நெஞ்சில் விரலை ஊன்றினார்.

“இதுதான் என் மகன்! எங்கப்பா ஜாடை அப்படியே இருக்கு பாத்தேளா சார்? ஏம்லே, சரிதானே?”

பெரியவர் சொல்லை ஞானதிரவியம் என்றைக்குத் தட்டியிருக்கிறான்? “ஆமாப்பா” என்றான்.

“கெட்டிக்காரன். கூட்டத்துல தனியாத் தெரியுதே. இனி உனக்குக் காக்கா ஓட்டுத வேலை கிடையாது. இங்கயே இருந்து படி.” கொண்டுவந்த அப்பளக் கட்டை அவன் கையில் வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பேருந்தில் ஊருக்குப் போய்விட்டார்.

அறைக்குத் திரும்பியதும் நல்லபெருமாள் குதித்தான். “அப்பா என்னைக் கண்டுபிடிச்சிட்டாரு! பொழைச்சேன்!” எல்லாரும் அப்பளம் பொரித்துத் தின்றார்கள். பாதி அப்பளத்தில் சுடலைமணி நிறுத்தினான். விரல் உயர்ந்தது.

“உங்கப்பா விரலை வச்சது யாரு மேல?”

“ஞானதிரவியம் மேல.”

“விரல் வச்ச இடத்துல இருக்கது யாரு?”

“அவரு மகன் நல்லபெருமாள்.”

“அப்ப இவன் நல்லபெருமாள்” என்று ஞானதிரவியத்தைக் காட்டினான். ஞானதிரவியம் பணிவாகத் தலையாட்டினான். “நான் சுடலைமணி. அவன் பால்வண்ணம். பாக்கி இருக்க பேரு ஒண்ணுதான். நீ?”

நல்லபெருமாள் நான்கு பெயர்களையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். ஒரு பெற்ற தகப்பன் ஊர் முன்னால் விரல் வைத்துச் சொன்னதற்கு எதிராகத் தன்னிடம் என்ன சாட்சி இருக்கிறது? “ஞானதிரவியமாத்தான் இருக்கணும்” என்றான்.

“அப்ப தலைதான் பிரதானம்னு உபதேசியார் சொன்னது உனக்குத்தான்” என்றான் பால்வண்ணம்.

அன்றிரவே கட்டில்களை மாற்றிக்கொண்டார்கள். நல்லபெருமாள் ஞானதிரவியத்தின் வகுப்பில் போய் உட்கார்ந்தான். ஞானதிரவியம் நல்லபெருமாளின் பரீட்சையை எழுதினான். இரண்டு துறைகளிலும் மதிப்பெண் முன்பு இருந்தபடியே இருந்தது. விடுமுறை விட்டதும் ஞானதிரவியம் அப்பளக்கார வீட்டுக்குப் போனான். அங்கே சுவரில், அன்று எடுத்த புதுப் படத்தில் அவன் நெற்றியில் ஏற்கெனவே குங்குமம் இருந்தது. யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

நல்லபெருமாள் மட்டும் ஞானதிரவியத்தின் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். உள்ளிருந்து ஞானதிரவியத்தின் அம்மா வந்தாள். நின்றாள். அவனைத் தலையிலிருந்து கால்வரை, காலிலிருந்து தலைவரை உற்றுப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

“ஹாஸ்டல் சோறு தின்னு இப்படி இளைச்சுட்டியே, ராசா!” என்றாள்.