கோபமே இல்லை என்றவர்

குரு என்றதும் தாடியும் கமண்டலமும் தேட வேண்டாம். இந்தக் கதையில் குருவுக்கு வயது நாற்பது, சிஷ்யருக்கு ஐம்பத்திரண்டு. ரமீஜா பாளையங்கோட்டையில் உளவியல் பேராசிரியை. கல்லூரி ஆசிரியர் அருளப்பன் அவரிடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தார்.

ஆய்வு ஒரு பழைய பேய்க்கதையைப் பற்றியது. மலை பங்களாவில் தனியாக இருக்கும் ஒருவன் தன் வாயாலேயே சொல்கிற கதை. இறந்துபோன மனைவியின் அறையைப் பூட்டிவிட்டான். "உள்ளே யாரும் இல்லை, எனக்குப் பயமும் இல்லை" என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்கிறான். சொல்லிக்கொண்டே, பூட்டிய கதவுக்கு வெளியே தட்டில் சோறு வைக்கிறான்.

இந்த ஆளிடம்தான் அருளப்பன் வசமாக மாட்டிக்கொண்டார். மாத முடிவுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. இத்தனை வருட உழைப்பும் வீணாகிவிடும். கடைசி அத்தியாயமோ நகரவே இல்லை.

"மேடம், இவன் பொய் சொல்றானா, உண்மை சொல்றானா? அது மட்டும் பிடிபட மாட்டேங்குது."

ரமீஜா வேறொன்று கேட்டார்.

"சார், உங்க பழைய நெறியாளர் உங்க முதல் அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டாராமே. அவர் மேல கோபம் இருக்கா?"

"சேச்சே! துளிகூட இல்ல மேடம். அதை எப்பவோ மறந்துட்டேன். அன்னைக்கு நீலக்கோடு போட்ட சட்டை போட்டிருந்தார். எல்லாருக்கும் காபி வந்தது, எனக்கு மட்டும் சொல்லல. 'உமக்கு எதுக்குய்யா ஆராய்ச்சி'ன்னு கேட்டார். பக்கத்துல நின்ன பியூன்கூடச் சிரிச்சான். அதெல்லாம் யார் ஞாபகம் வெச்சுக்கறா?"

சொல்லி முடித்ததும் அருளப்பனின் காது சிவந்தது.

"இப்ப நீங்க சொன்னது பொய்யா சார்?"

"இல்ல மேடம். மனசாரத்தான் சொன்னேன்."

"அப்ப உண்மையா?"

அருளப்பனுக்கு வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து பொங்கின. பின்னாலேயே சிரிப்பும் வந்துவிட்டது. பையை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். அத்தியாயம் கெடுவுக்குள் முடிந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் கோமதிநாயகம் லேசுப்பட்ட ஆள் இல்லை. வந்தவுடன் போட்ட பொன்னாடையோடு உட்கார்ந்து, அரங்கம் நிறைந்திருக்க, ஆய்வேட்டைத் தள்ளிவைத்தார்.

"கதை சொல்றவனுக்குப் பைத்தியம். ஒரு வரியில முடிய வேண்டியதை முந்நூறு பக்கம் இழுத்திருக்கீங்க. இதுக்கு ஒரு பட்டமா?"

அருளப்பன் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

"ஐயா, கதையைப் படிச்சப்ப உங்களுக்குப் பயமா இருந்துச்சா?"

"எனக்கா? நல்லாக் கேட்டீங்க! பேயாவது, பிசாசாவது. அன்னைக்கு ஹால் லைட்டை அணைக்காமப் படுத்தேன், அது கொசுவுக்காக."

பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். அவ்வளவுதான், கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரிப்பு. தான் சொன்னது என்னவென்று கோமதிநாயகத்துக்கு அப்போதுதான் உறைத்தது. முறைக்கப் பார்த்தார். முடியவில்லை. அவரும் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார்.

"ஐயா பொய் சொல்லல. அவனும் சொல்லல," என்றார் அருளப்பன் பணிவாக. "முந்நூறு பக்கமும் இதைத்தான் எழுதியிருக்கேன்."

கோமதிநாயகம் எழுந்தார். தன் பொன்னாடையைக் கழற்றி அருளப்பன் தோளில் போட்டார்.

"டாக்டர் அருளப்பன்!"

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அருளப்பனுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

"எப்படிம்மா இவரை இப்படித் தயார் பண்ணினீங்க?" என்று ரமீஜாவிடம் கேட்டார் கோமதிநாயகம்.

"நான் ஒண்ணும் பண்ணல சார். ஒரு நாள், அவர் பேசினதை அவரே காதால கேட்டார். அதுக்கப்புறம் நாமெல்லாம் அவருக்குச் சுலபம்."