தாமதமாக வந்த சொல்

கோபிசெட்டிபாளையத்தில் திலகவதி டீச்சரிடம், பழைய கம்ப்யூட்டரையும் ஓட வைக்கும் லினக்ஸ் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் அவளைவிட வயதில் மூத்தவர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பொழுது போகாதவர்கள், பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட மனசு வராதவர்கள். ஞாயிறு தோறும் அவள் வீட்டு முன்னறையில் கூடுவார்கள். அவள் அதிகம் பேச மாட்டாள். கேட்டதற்குப் பதில் வரும். பல நேரம் அந்தப் பதிலே இன்னொரு கேள்வியாக இருக்கும்.

அவர்களில் நாச்சிமுத்து தனி ரகம். வேலையில் இருந்த காலமெல்லாம் மின்சார லைன் கோளாறு பார்த்தவர். கரண்ட் இல்லை என்று யாராவது புகார் சொன்னால், சொன்னவர் வீட்டில்தான் முதலில் கை வைப்பார். பெரும்பாலும் அங்கேதான் ஃபியூஸ் போயிருக்கும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஒரு ஞாயிறு, எல்லோரும் கிளம்பிய பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"டீச்சரம்மா, எங்க வீட்டு வைஃபை ஏன் இத்தனை மெதுவா இருக்குதுங்க?"

"எங்கிருந்து எங்க போறதுக்கு மெதுவா இருக்குதுங்கய்யா?"

"கீழ் ரூம்ல இருக்கற லேப்டாப்புல இருந்து, மாடியில இருக்கற என் லேப்டாப்புக்கு."

"கீழ யாரு?"

"சம்சாரம்."

மற்றதை மென்று விழுங்கித்தான் சொன்னார். மனைவி தெய்வானைக்குத் தொண்டையில் புற்றுநோய். ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. இவர் சும்மா இருக்கவில்லை. இரண்டு பழைய லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றி, ஒன்றில் தட்டினால் இன்னொன்றில் தெரியும்படி வீட்டுக்குள்ளேயே ஏற்பாடு செய்தார். கீழே அவள் எழுத, மாடியில் இவர் படிக்கலாம். செய்து முடித்த அன்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"இப்ப அவ எழுதறது சரியா வர்றதில்லீங்க. ரொம்ப நேரம் ஒண்ணுமே வராது, அப்புறம் மொத்தமா வந்து கொட்டும். போன வாரம் தண்ணி கேட்டிருக்கா. எனக்கு வந்து சேர்றதுக்குள்ள அவளே எந்திரிச்சுப் போயி விழுந்துட்டா."

"அடி பட்டுருச்சுங்களா?"

"ரூட்டரை இடம் மாத்திப் பாத்தனுங்க. பக்கத்து வீட்டு ரூட்டர் இடிக்குதோன்னு சேனலை மாத்தினேன்."

"அடி பட்டுருச்சுங்களான்னு கேட்டேன்."

"ஆமாங்க. நெத்தியில." அதைச் சொல்லிவிட்டு மறுபடி விட்ட இடத்துக்கே போனார். தெய்வானையின் லேப்டாப்பில் புது வைஃபை கார்டு போட்டிருந்தார். லினக்ஸை அழித்துவிட்டு மறுபடி ஏற்றியிருந்தார். அந்த லேப்டாப்பை அவர் கழற்றி மாட்டியதில் திருகாணிகளுக்கே சலித்துப் போயிருக்கும்.

"உங்க லேப்டாப்பைப் பாத்தீங்களா?"

"அது நல்லாத்தான் இருக்குதுங்க. எழுதறவ அவதானே. கோளாறு அங்கதான் இருக்கோணும்."

டீச்சர் எழுந்தாள். "நாளைக்குச் சாயந்திரம் வர்றேங்க," என்றாள்.

மறுநாள் வந்தவள் நேரே கீழறைக்குப் போனாள். நாச்சிமுத்து அறை வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

தெய்வானை கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தாள். நெற்றியில் கட்டு. கழுத்தில் மெல்லிய துணி. துணிக்கு அடியில் ஒரு துவாரம், அதன் வழியாகத்தான் மூச்சு. அந்தத் துணி ஏறி இறங்குவதை நாச்சிமுத்துவால் பார்க்க முடியாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீடு அவள் குரலில்தான் நடந்தது. பால்காரரிலிருந்து பக்கத்து வீட்டு மாடு வரைக்கும் அவள் அதட்டலுக்கு அடங்கும். அந்தக் குரல் இருந்த இடத்தில் இப்போது ஓர் ஓட்டை இருப்பதை அவர் மனசு ஏற்கவே இல்லை. காலையில் கஞ்சியைக் கொண்டுவந்து வைப்பார், ராத்திரி மாத்திரையை வைப்பார், மற்ற நேரமெல்லாம் மாடியில் இருப்பார். நெட்வொர்க்கைச் சரிசெய்வதாகச் சொல்லிக்கொள்வார். பாவம், அதை அவரே நம்பவும் செய்தார்.

"இவரு செஞ்சு குடுத்தது உங்களுக்கு வசதியா இருக்குதுங்களாம்மா?" என்று டீச்சர் கேட்டாள்.

தெய்வானை கையை லேசாகத் தூக்கினாள். பிறகு மடியில் போட்டுக்கொண்டாள்.

கட்டிலை ஒட்டிய ஸ்டூலில் லேப்டாப் திறந்தபடி இருந்தது. அதன் பித்தான்கள் மேல் மடித்த துண்டுகள் அடுக்கியிருந்தன. டீச்சர் அவற்றை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, சில வரிகள் தட்டிப் பார்த்தாள்.

"இதுல கோளாறு இல்லீங்கய்யா."

"நல்லாப் பாருங்க டீச்சரம்மா. அங்கதான் இருக்கும்."

"பாத்துட்டேன். மாடிக்குப் போலாம்."

தெய்வானை கணவரைப் பார்த்தாள். அவர் கூடத்திலிருந்த ரூட்டரின் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடியில் அவருடைய லேப்டாப் முன்னால் உட்கார்ந்து டீச்சர் ஒரே ஒரு வரி தட்டினாள். திரையில் பதில் வந்தது.

"இதுல பவர் சேவ் ஓடிட்டு இருக்குது. பாத்தீங்களா?"

"அது எல்லா லேப்டாப்புலயும் இருக்கறதுதானுங்க."

"இருக்கறதுதான். சார்ஜை மிச்சம் புடிக்கறதுக்கு இது வைஃபையை அடிக்கடி தூங்க வெச்சுரும். அந்நேரம் வர்ற சொல்லை ரூட்டர் கையில வெச்சுக்கிட்டு நிக்கும். இது முழிச்சுக் கேட்டாத்தான் குடுக்கும். உங்க கார்டு லேசுல முழிக்கறதில்லீங்க."

நாச்சிமுத்துவின் முகம் சுண்டிப்போனது.

"அப்ப அவ எழுதினதெல்லாம்?"

"அப்பப்பவே வந்துருக்குது. வாங்கறதுக்குத்தான் இங்க ஆள் இல்ல."

"தண்ணி கேட்டதுங்களா?"

"அதுந்தான்."

அவர் அங்கிருந்த கட்டிலில் உட்கார்ந்தார். கீழே அவள் விழுந்து கிடந்த நேரத்தில், தான் மாடியில் உட்கார்ந்து அவளுடைய லேப்டாப்பைத் திட்டிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

டீச்சர் அந்த வசதியை நிறுத்தினாள். லேப்டாப்பை அணைத்துப் போட்டாலும் அது திரும்ப வராதபடி எழுதி வைத்தாள். பிறகு கீழே இருக்கும் லேப்டாப்பைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் வர ஆகும் நேரத்தைக் காட்டும் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தடங்கலில்லாமல் இறங்கின.

"இப்ப எழுதுங்க."

நாச்சிமுத்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து தட்டினார். 'தெய்வானை, நான்தான். எப்படி இருக்குது?'

காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"இன்னும் மெதுவாத்தானுங்க இருக்குது."

டீச்சர் எண்களைக் காட்டினாள். "இல்லீங்க. நீங்க கையை எடுக்கறதுக்குள்ள அங்க போயிருச்சு."

"அப்பப் பதிலு?"

"அவங்க எழுதினா அந்த நொடியே வரும்."

இன்னொன்று தட்டினார். 'கீழ வரட்டுமா?'

அதற்கும் பதில் இல்லை. அறைக்குள் இருட்ட ஆரம்பித்தது. விளக்கைப் போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"மொதல்ல எல்லாம் நிறைய எழுதுவாளுங்க," என்றார். "எங்கம்மா அவ கனவுல வந்தது, கருவேப்பிலைச் செடி பட்டுப்போனது, எல்லாத்தையும் எழுதுவா. நான்தான் எல்லாத்துக்கும் 'சரி'ன்னு போட்டுட்டு இருந்தேன். அப்புறம் தண்ணி, மாத்திரை, அவ்வளவுதான். லைன் சரியில்லாததுனால சுருக்கிக்கிட்டாள்னு நினைச்சனுங்க."

டீச்சர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"டீச்சரம்மா, இதை இன்னும் வேகமாக்க ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?"

"இல்லீங்கய்யா. சொல்லு போய்ச் சேர்ந்துருச்சு. போகாம இருக்கறது நீங்க மட்டுந்தான்."

கீழே தெய்வானை இருமுவது கேட்டது. நாச்சிமுத்து திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.