ரவுண்டானாவில் ஏழு சுற்று

ஆசான் என்றதும் நீண்ட தாடியையும் ஆலமரத்து நிழலையும் தேடாதீர்கள். இந்த ஆசானுக்கு முப்பத்திரண்டு வயது. தினமும் மழுமழுவென்று சவரம் செய்து, கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு, ஷார்ஜாவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பெயர் பிரைட் சிங். ஊர் கன்னியாகுமரிப் பக்கம் கருங்கல். வண்டி ஓட்டக் கற்றுத்தருகிறவரை மலையாளிகள் ஆசான் என்பார்கள். கேட்டுக் கேட்டு அங்கிருக்கும் தமிழர்களுக்கும் அது ஒட்டிக்கொண்டது.

சீடருக்கு ஐம்பத்தொன்று. பெயர் தட்சிணாமூர்த்தி. வாயே திறக்காமல் நாலு முனிவர்களுக்குப் பாடம் நடத்தினாரே, அந்தச் சாமியின் பெயர். பெயரைத் தவிர இரண்டு பேருக்கும் வேறு பொருத்தம் கிடையாது.

மன்னார்குடிக்காரர். ஒரு அலுமினியக் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக ஸ்டோர் கீப்பர். வாயைத் திறந்தால் இரண்டே விஷயம்தான். ஒன்று, இங்கே விற்கிற விலை. இரண்டு, உலகம் போகிற போக்கு.

லைசென்ஸ் பரீட்சையில் ஆறு தடவை தோற்றிருந்தார்.

அன்று காலையும் வழக்கம்போல நேராகப் போய்க் காரின் வலது பக்கக் கதவைத் திறந்தார்.

"அது எனக்க சீட்டு அண்ணே" என்றார் ஆசான்.

தட்சிணாமூர்த்தி நாக்கைக் கடித்துக்கொண்டார். ஊரில் ஸ்டீரிங் வலது பக்கம். இங்கே இடது பக்கம். தெரியாதா என்ன? தெரியும். ஆனால் கைக்குத் தெரியவில்லை. நாற்பத்து மூன்று வகுப்பிலும் அந்தக் கை அந்தக் கதவுக்குத்தான் போனது.

சுற்றிவந்து உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டார். வண்டி நகர்ந்ததோ இல்லையோ, ஆரம்பித்துவிட்டார்.

"கொத்தமல்லிக் கட்டு ரெண்டு திர்ஹம், ஆசானே. நம்ம காசுக்கு நாப்பத்தாறு ரூபாய்! மன்னார்குடியில காய் வாங்கினா கொசுறாப் போடுவான்."

"இண்டிகேட்டர் போடுங்க."

"போட்டாச்சு. கட்டிலுக்கு வாடகை குடுக்குறோமே, இந்த அநியாயத்த எங்கயாவது கேட்டிருக்கீங்களா? வீட்டுக்கு இல்ல, ரூமுக்கு இல்ல, கட்டிலுக்கு! அதுவும் மேல் கட்டிலு. எல்லாத்துக்கும் காரணம் யாரு? டாலரு. ரெண்டு பெரிய நாடு முறைச்சுக்குது, எனக்கு வெங்காயம் ஏறுது."

"வைப்பர் ஓடுது அண்ணே. நீங்க போட்டது இண்டிகேட்டர் இல்ல."

மழையில்லாத வெயிலில் வைப்பர் கிறீச் கிறீச்சென்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது. தட்சிணாமூர்த்தி வண்டியை ஓரமாக நிறுத்தினார். அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"வியாழக்கிழமை ஏழாவது டெஸ்ட், ஆசானே. வெள்ளிக்கிழமை காலையில திருச்சியிலேர்ந்து எம் பொண்டாட்டியும் பொண்ணும் வர்றாங்க. முதல் தடவையா வர்றாங்க. கூட வேலை பாக்குற சலாவுதீன் கார் தர்றேன்னுட்டாரு. நான் பாஸாகணும்."

"டாக்சில கூட்டிட்டு வரலாமே அண்ணே."

"முடியாது."

"ஏன்?"

தட்சிணாமூர்த்தி வைப்பரை நிறுத்தினார். பிறகு சொன்னார்.

மகள் பெயர் நித்திலா. பிளஸ் டூ படிக்கிறாள். வாரா வாரம் போனில் ஒரு மணி நேரம் பேசுவார். இவர் எண்ணெய் விலையையும் எலெக்ஷனையும் விலாவாரியாக எடுத்துச் சொல்ல, அவள் 'ம்' என்பாள். பிள்ளை எவ்வளவு பொறுமையாகக் கேட்கிறது என்று இவருக்குப் பெருமை. போன மாசம் மனைவி செண்பகம் சிரித்துக்கொண்டே போட்டு உடைத்துவிட்டாள். மகள் போனை மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுப்பாடம் எழுதுகிறாளாம். நடுநடுவே 'ம்' மட்டும் போடுவாளாம். 'எங்கப்பா ஒரு நியூஸ் சேனல்' என்று சிநேகிதிகளிடம் சொல்லி வைத்திருக்கிறாளாம்.

இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"வர்றப்ப நானே கார் ஓட்டிக்கிட்டு வந்து அழைச்சுக்கிட்டுப் போறேன்னு சொன்னேன், ஆசானே. அதுக்கு அவ, 'நீங்களேவா? நிஜமாவாப்பா?'ன்னு கேட்டா. எத்தனையோ வருஷத்துல 'ம்' இல்லாம எங்கிட்ட பேசின பேச்சு அதுதான். நான் எப்படி டாக்சியில போய் நிப்பேன்?"

ஆசான் கூலிங் கிளாஸைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல" என்றார் தட்சிணாமூர்த்தி. "உலகத்துல எந்த நாடு எந்தப் பக்கம் சாயும்னு உக்காந்த இடத்துலேர்ந்து சொல்லிடுறேன். ஒரு ரவுண்டானாவ மட்டும் தாண்ட முடியல. ஏன் ஆசானே?"

"வண்டிய எடுங்க. அந்த ரவுண்டானாவுக்கே போவோம்."

போனார்கள். இடது பக்கம் வண்டி வருகிறதா என்று பார்த்து, நல்லபடியாகவே உள்ளே நுழைந்தார்.

"அந்தக் கடல்ல கப்பல் நிக்குதாமே அண்ணே, அது என்ன விஷயம்?" என்று கேட்டார் ஆசான்.

கேட்டாரே ஒரு கேள்வி! தட்சிணாமூர்த்திக்கு வாயெல்லாம் பல். இத்தனை நாளில் ஆசான் தானாக ஒரு விஷயம் கேட்டதே கிடையாது. கப்பலில் ஆரம்பித்தார். கப்பலிலிருந்து எண்ணெய், எண்ணெயிலிருந்து டாலர், டாலரிலிருந்து ஐ.நா. சபை.

"ஐ.நா. சபைக்கு அத்தனை மாடிக் கட்டடம் எதுக்குங்குறேன்? ரெண்டு தலைவரையும் ஒரு ரூம்ல போட்டு, என்னை அரை மணி நேரம் உள்ள விடட்டும். சமாதானம் பண்ணிக் கையெழுத்து வாங்கிக்கிட்டு வர்றேனா இல்லையா பாருங்க!"

"செய்வீங்க" என்றார் ஆசான். "இப்ப எத்தனாவது சுத்து?"

"என்னது?"

"ரவுண்டானால அண்ணே. எத்தனாவது சுத்து?"

தட்சிணாமூர்த்தி வெளியே பார்த்தார். ஒரு டீக்கடை வாசலில் நாலு பேர் வரிசையாக நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கைகூடக் காட்டினார்.

"ரெண்டு...?"

"ஏழு."

"ஐயையோ! ரவுண்டானாவ விட்டு வெளிய இறங்கச் சொல்லக் கூடாதா?"

"பேசி முடிச்சா இறங்குவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்."

ஒருவழியாக வெளியே வந்து, ஒரு மசூதி ஓரமாக நிறுத்தினார். மானம் போயிற்று என்று துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப மனுஷன் ஒரு கருத்துச் சொல்லக் கூடாதா, ஆசானே?"

"சொல்லலாமே. வண்டிய நிறுத்திட்டுச் சொல்லுங்க."

"நான் வாய மூட மாட்டேன் ஆசானே. எனக்கே தெரியும். பொறப்பு அப்படி."

"மூட வேண்டாம். பேசிக்கிட்டே ஓட்டுங்க. ஆனா கார்க் கண்ணாடி வழியா என்ன தெரியுதோ, அத மட்டும் பேசணும். தெரியாத ஒண்ணும் வாயில வரப்பிடாது."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

இவ்வளவுதான் என்று நினைத்ததுதான் தப்பு. முதல் அஞ்சு நிமிஷம் தட்சிணாமூர்த்தி தவித்த தவிப்பு இருக்கிறதே! "முன்னால வெள்ளை வேன். வேன்ல தக்காளி. தக்காளி கிலோ..." என்று ஆரம்பித்து, ஆசான் பார்த்த பார்வையில் முழுங்கிக்கொண்டார். "பெட்ரோல் பங்க். அங்க... அங்க ஒரு பங்க் இருக்கு, அவ்வளவுதான்."

அப்புறம் மெல்ல மெல்லப் பிடிபட்டது.

"சிக்னல் மஞ்சள், வண்டி நின்னாச்சு. ஒரு அம்மா குழந்தைய இடுப்புல வெச்சுக்கிட்டு நிக்குது. சைக்கிள்காரர் ஒருத்தர், எதிர்ப்பக்கம் வர்றாரு. பின்னால பள்ளிக்கூட பஸ். வலது பக்கம் வேப்ப மரம்..."

நிறுத்தினார்.

"அட, வேப்ப மரம்! பூத்திருக்கு ஆசானே! எப்ப வெச்சாங்க?"

"நான் வந்ததுல இருந்து நிக்குது."

"நான் தினம் கம்பெனி பஸ்ல இந்த ரோட்டுலதான் போறேன். பத்தொன்பது வருஷமாப் போறேன்." அவருக்குக் குரல் கொஞ்சம் இறங்கிப்போயிற்று. "பாத்ததே இல்லையே."

ஆசான் சிக்னலைப் பார்த்தார். பச்சை விழுந்துவிட்டது என்று மட்டும் கையைக் காட்டினார்.

வியாழக்கிழமை டெஸ்ட். பக்கத்தில் அதிகாரி. பின் சீட்டில் தங்கள் முறைக்காகக் காத்திருந்த இரண்டு பேர், இந்தியில், எண்ணெய் விலை ஏன் ஏறுகிறது என்று பேச ஆரம்பித்தார்கள். பேசியதாவது ஒழுங்காகப் பேசினார்களா? அத்தனையும் தப்பு. ஒருவர் தப்பாகச் சொல்ல, மற்றவர் அதைவிடத் தப்பாகச் சொன்னார். தட்சிணாமூர்த்திக்கு நாக்கு நமநமவென்று அரித்தது. திரும்பி ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு பேர் வாயையும் அடைத்துவிடலாம்.

"முன்னால குப்பை லாரி" என்று முணுமுணுத்தார். "இடது பக்கம் காலி. ஸ்கூட்டர் ஒண்ணு வருது, வரட்டும். போயிடுச்சு. இப்ப நான்."

"என்ன முணுமுணுக்கிறாய்?" என்று கேட்டார் அதிகாரி. "பிரார்த்தனையா?"

"ஆமாங்க சார்" என்றார் தட்சிணாமூர்த்தி.

"நல்லது. ரவுண்டானாவில் இரண்டாவது எக்சிட்."

இரண்டாவது எக்சிட்டில் இறங்கினார். பாஸ்.

வெளியே நின்ற ஆசானைக் கட்டிக்கொண்டு குதித்தார். ஐம்பத்தொரு வயது ஆள் குதிப்பதைப் பார்த்து அடுத்து டெஸ்ட்டுக்கு நின்ற பெண்கள்கூடக் கைதட்டினார்கள். குதித்து முடித்ததும் தட்சிணாமூர்த்திக்குப் பயம் வந்துவிட்டது.

"நாளைக்கு ஏர்போர்ட் ரோடு. நீங்களும் கூட வரணும், ஆசானே. பின்னால சும்மா உக்காந்திருந்தாப் போதும்."

"இனி நான் எதுக்கு அண்ணே?"

"எனக்குத் தைரியத்துக்கு."

வெள்ளிக்கிழமை காலை செண்பகமும் நித்திலாவும் பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏர்போர்ட்டை விட்டு வெளியே வந்தார்கள். நித்திலா அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். நேரில் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

பெட்டிகளை ஏற்றினார்கள். செண்பகமும் ஆசானும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். தட்சிணாமூர்த்தி மிடுக்காக நடந்துபோய்க் கதவைத் திறந்து உட்கார்ந்தார். நித்திலாவும் மறுபக்கம் போய் உட்கார்ந்தாள்.

தட்சிணாமூர்த்தி பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

"அப்பா" என்றாள் நித்திலா. "ஸ்டீரிங் எங்கிட்ட இருக்கு."

பழக்க தோஷத்தில் அவர் வலது கதவைத் திறந்திருந்தார். ஊரில் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு இடது பக்கம்தானே என்று அவள் இடது கதவைத் திறந்திருந்தாள். செண்பகம் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கார்க்காரர் எட்டிப் பார்த்தார். தட்சிணாமூர்த்தி திரும்பி ஆசானைப் பார்த்தார். ஆசான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

இடம் மாறி உட்கார்ந்து கிளம்பினார்கள். தட்சிணாமூர்த்தி ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். பேசவே இல்லை.

"என்னப்பா, சத்தத்தையே காணோம்? போன்ல ஒரு மணி நேரம் பேசுவீங்களே. டாலர் செத்துப்போச்சா?"

"வண்டி ஓட்டுறப்ப கண்ணுக்குத் தெரியறத மட்டும்தான் பேசணும்மா. ஆசான் உத்தரவு."

"சரி, என்ன தெரியுது? சொல்லுங்க."

"முன்னால ரவுண்டானா. இடது பக்கம் ஒரு பஸ், அது போகட்டும். போயிடுச்சு. உள்ள நுழையறேன். வலது பக்கம்..." அவர் ஒரு நொடி பக்கவாட்டில் பார்த்தார். "வலது பக்கம் என் பொண்ணு. முடிய வெட்டியிருக்கா. நல்லாத்தான் இருக்கு. கையில ரெண்டு விரலைச் சேத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கு." குரல் மாறிவிட்டது. "என்னம்மா ஆச்சு விரலுக்கு?"

"இதுவா? பந்து பட்டுருச்சுப்பா. ஹேண்ட்பால்."

"ஹேண்ட்பாலா? நீயா?"

"ரெண்டு வருஷமா நான்தான்பா ஸ்கூல் டீமுக்குக் கோல்கீப்பர்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே தாயி."

"சொல்லணும்னுதான் ஒவ்வொரு வாரமும் நெனப்பேன். அதுக்குள்ள நீங்க டாலருக்குப் போயிடுவீங்க." அவள் கொஞ்சம் தயங்கி, பிறகு அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். "ஆகஸ்ட்ல தஞ்சாவூர்ல ஒரு மேட்ச்சுப்பா. கடைசி நிமிஷம். பெனால்டி..."

"ம்" என்றார் தட்சிணாமூர்த்தி.

"அந்தப் பொண்ணு என்னைவிட ஒரு அடி உயரம். பந்த ஓங்குறா..."

"ம்."

"ஏங்க, இந்த டீக்கடைய இப்பதானே பாத்தோம்?" என்றாள் பின்னாலிருந்து செண்பகம்.

நித்திலா கைகளை விரித்துக் காட்டிப் பந்தைத் தடுத்துக்கொண்டிருந்தாள். டீக்கடை இன்னொரு தடவை வந்து போனது. தட்சிணாமூர்த்திக்குக் கண் கலங்கி, எக்சிட் பலகையில் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. பின் கண்ணாடியில் ஆசான் முகத்தைத் தேடிப் பிடித்து, பேசுகிற பிள்ளைக்கு இடைஞ்சல் இல்லாமல், மெதுவாகக் கேட்டார்.

"ஆசானே, நான் எங்க இறங்கணும்?"

"என்ன அவசரம்?" என்றார் ஆசான். "பொண்ணு பேசி முடிக்கலியே அண்ணே. இன்னொரு சுத்து சுத்துங்க."