அகராதி சங்கத்தில் சேர்ந்த கதை

எங்கள் மில்லில் நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்கிறேன். வரிசை மாறினால் நியாயமே மாறிவிடும் என்று ஒரு துண்டறிக்கையில் படித்திருக்கிறேன். அதை எழுதியதும் நான்தான்.

முதல் அநியாயம், நூற்பு அறை வாசலில் இருந்த தண்ணீர்ப் பானையை எடுத்தார்கள். இரண்டாவது, பானை இருந்த இடத்தில் ‘இங்கே தண்ணீர் சிந்தாதீர்’ என்று பலகை வைத்தார்கள். மூன்றாவது, அந்தப் பலகையைத் தினமும் ஈரத்துணியால் துடைக்க எங்கள் சங்க உறுப்பினர் ஆவுடைக்கண்ணை நியமித்தார்கள். நான்காவது, துடைத்துத் துடைத்து எழுத்து அழிந்துவிட்டது என்று அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். ஐந்தாவது என் தலையில் விழுந்தது. அது அதன் முறைக்கு வரும்.

சஸ்பெண்ட் கடிதம் இங்கிலீஷில் இருந்தது. டைப்பிஸ்ட் ஸ்டெல்லா அம்மா சாரத்தைச் சொன்னார்: ஆவுடைக்கண் இப்போது சஸ்பெண்ட். சனிக்கிழமை நாலு மணிக்குள் எக்ஸ்பிளனேஷன் தராவிட்டால் டிஸ்மிஸ். ஆவுடைக்கண்ணுக்கு மூன்று பெண்பிள்ளைகள். வேறு வேலை தெரியாது.

சங்கக் கமிட்டி கூடியது. செயலாளர் மாசானம், உறுப்பினர்கள் கொம்பையா, இருளப்பன், தலைவர் நான். எங்கள் சங்கத்தில் எதையும் கையுயர்த்தித்தான் முடிவு செய்வோம். ஜன்னலைச் சாத்துவதுகூட அப்படித்தான். ஓட்டு சமமாகப் பிரிந்தால் மட்டும் தலைவர் வாய் திறக்கலாம். விதியை எழுதியவன் நான். கமிட்டியில் ஓட்டுப் போடுகிறவர்கள் மூன்றே பேர் என்பதை அப்போது யோசிக்கவில்லை. இருபத்தாறு வருஷமாக வாய் திறக்கவில்லை.

“சஸ்பெண்டுக்கும் டிஸ்மிஸுக்கும் என்னவே வித்தியாசம்?” என்று மாசானம் ஆரம்பித்தார்.

“சஸ்பெண்டுன்னா ஆளு வேலைக்கு வராம வீட்டுல இருப்பான்” என்றார் கொம்பையா.

“டிஸ்மிஸ்னா?”

“அப்பவும் வீட்டுலதான் இருப்பான்.”

“பொறவு எதுக்கு ரெண்டு வார்த்த? வெள்ளைக்காரன் என்ன கூறுகெட்டவனா?”

இருளப்பன் கூரையைப் பார்த்துச் சொன்னார்: “சஸ்பெண்டுன்னா வீட்டு வாசல்ல இருப்பான். உள்ள போயிட்டான்னா டிஸ்மிஸ்.”

இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அர்த்தம் நிறைவேறியது. எதிர்த்து ஓட்டுப் போட்ட மாசானமே ஓடிப்போய் ஆவுடைக்கண்ணை வீட்டுக்குள்ளிருந்து இழுத்து வாசலில் உட்கார வைத்தார். சாப்பாடு வாசலுக்கு வந்தது. மழையும் வந்தது. ஆவுடைக்கண்ணின் மனைவி பேச்சியம்மாள் “இந்த மனுசன உள்ள விடுங்கய்யா” என்று கத்தினாள். “உள்ள விட்டா வேல போயிரும் தாயி” என்று சொல்லி, இருளப்பன் தன் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே வந்தார்.

அடுத்து எக்ஸ்பிளனேஷன்.

“அபாலஜின்னா, ‘நான் செஞ்சேன், தப்புதான்’. இது எனக்குத் தெரியும். என் மச்சான் எழுதிக் குடுத்திருக்கான்” என்றார் கொம்பையா.

“எக்ஸ்க்யூஸ்னா, ‘நான் செய்யல, மழை செஞ்சிச்சு’” என்றார் மாசானம்.

“அப்போ எக்ஸ்பிளனேஷன்?”

“‘வேற ஒருத்தன் செஞ்சான்.’ மிச்சம் இருக்கது அது ஒண்ணுதான?”

மூன்று கையும் உயர்ந்தன. ஒரு மூலையில் அலமாரிமேல் இங்கிலீஷ் அகராதி இருந்தது. எதற்கும் சரிபார்த்துவிடலாம் என்று கொம்பையா அதை எட்டி எடுத்தார்.

“வையும்வே கீழ!” என்று சீறினார் மாசானம். “உறுப்பினர் இல்லாத ஆளு கமிட்டியில வாய் திறக்கலாமா?”

உடனே அகராதிக்கு உறுப்பினர் படிவம் நிரப்பினார்கள். பெயர்: அகராதி. இனிஷியல்: ஆங்கிலம்–தமிழ் என்று போட்டிருந்ததால் ஆ.த. தகப்பனார் பெயர்: மூன்றாம் பதிப்பு. பிறகு அதை நாற்காலியில் உட்கார வைத்து, “தோழர், எக்ஸ்பிளனேஷனுக்கு என்ன அர்த்தம்?” என்று மாசானம் மரியாதையாகக் கேட்டார். மூன்று முறை கேட்டார். பதில் இல்லை.

“நல்ல அழுத்தமான ஆளுவே” என்றார் இருளப்பன். “போலீசு அடிச்சாலும் சொல்ல மாட்டாரு.”

அப்போதுதான் கொம்பையாவுக்கு அந்த யோசனை வந்தது. “வேற ஒருத்தன் வேணும்லா? நம்ம ஆள எவனையும் காட்டிக் குடுக்கவும் கூடாது. இந்த அகராதித் தோழரு பொண்டாட்டி பிள்ளை இல்லாதவரு. மனசு வச்சா ஒரு குடும்பம் பிழைக்கும்.”

“தோழர், உங்களுக்கு ஆட்சேபனை உண்டா?” என்று மறுபடி மூன்று முறை கேட்டார்கள். அகராதிக்கு ஆட்சேபனை இல்லை. கொம்பையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எக்ஸ்பிளனேஷன் ஒரே வரியில் முடிந்தது: ‘பலகையில் எழுத்து அழியக் காரணம் ஆ.த. அகராதி.’

சனிக்கிழமை நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மானேஜர் அறைக்குள் போனோம். அகராதி என் கக்கத்தில் இருந்தது. மானேஜர் வந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. முந்நூறு பேரில் ஒரு முகமும் அவருக்குத் தெரியாது. எக்ஸ்பிளனேஷனையும் அதோடு சேர்த்துக் குத்தியிருந்த உறுப்பினர் படிவத்தையும் படித்தார்.

“அப்போ ஆவுடைக்கண் செய்யலையா? சரி, அவர் திங்கட்கிழமை வேலைக்கு வரலாம். இந்த அகராதி எங்கே?”

“அந்தா இருக்காரு சார்” என்று கொம்பையா என் கக்கத்தைக் காட்டினார்.

மானேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீர்தானா?”

நான் மாசானத்தைப் பார்த்தேன். அவர் கடமை தவறாதவர். “தலைவர் இப்ப பேசலாமா?” என்று அங்கேயே ஓட்டுக்கு விட்டார். கூடாது என்று மூன்று கை உயர்ந்தன. “சமமாப் பிரியல அண்ணாச்சி” என்றார் வருத்தத்தோடு.

“ரொம்ப அழுத்தமான ஆளா இருக்காரே” என்றார் மானேஜர்.

“சேர்ந்த அன்னைக்கே கவனிச்சோம் சார்” என்றார் இருளப்பன்.

அங்கேயே டிஸ்மிஸ் உத்தரவு எழுதினார். அதைச் சாட்சிகள் முன்னால்தான் படிக்க வேண்டுமாம். வாட்ச்மேன் பால்துரையையும் ஸ்டெல்லா அம்மாவையும் கூப்பிட்டு, படிவத்தைக் காட்டி, “இவர் பெயர் இதுதானே?” என்று கேட்டார்.

“எல்லாரும் அண்ணாச்சின்னுதான் சார் கூப்பிடுவாங்க. பேரு யாருக்குத் தெரியும்?” என்றார் பால்துரை. ஸ்டெல்லா அம்மா, படிவத்தில் இருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்றார்.

மானேஜர் எழுந்து நின்றார். மரியாதைக்காகக் கமிட்டியும் விறைத்து நின்றது. இரண்டு சாட்சிகளுக்கும் கேட்கும்படி, என் முகத்தைப் பார்த்து, அவர் உரக்கப் படித்தார்:

“ஆ.த. அகராதி, தகப்பனார் பெயர் மூன்றாம் பதிப்பு.”