முதலை சைவமா? ஓர் ஆட்டின் ஆராய்ச்சி

ஒரு காட்டில் புள்ளிச்சி என்றொரு வெள்ளாடு இருந்தது. அந்தக் கூட்டத்திலேயே கல்லூரிக்குப் போன ஆடு அது ஒன்றுதான். அந்தப் பெருமை தாங்க முடியாது அதற்கு!

அந்தக் கோடையில் காடே காய்ந்துவிட்டது. பக்கத்தில் மிஞ்சியது ஒரே குளம். குளத்தில் ஒரு முதலை. இறங்கிக் குடிக்கலாமா, கூடாதா? ஆடுகளெல்லாம் நாக்கு வறண்டு நின்றன.

"பொறுங்க! முதலை சைவமா, அசைவமான்னு நான் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுறேன். சைவம்னு முடிஞ்சா எல்லாரும் இறங்கலாம்!" என்றது புள்ளிச்சி. படித்த பிள்ளை சொன்னால் கேட்க வேண்டியதுதானே? கூட்டம் தலையாட்டியது.

புள்ளிச்சி நேராகக் கொக்கிடம் போனது. "முதலை சைவமாமே, அப்படியா?"

"அட, எனக்குத் தெரியாமப் போச்சே!" என்ற கொக்கு, பறந்துபோய் எருமையிடம் சொன்னது. எருமை குரங்கிடம் சொன்னது. மறுநாள் புள்ளிச்சி போய் விசாரித்தால், மூன்றும் ஒரே குரலில், "சுத்த சைவம்!" என்றன.

புள்ளிச்சிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கட்டுரையைப் பேராசிரியர் யானையாரிடம் நீட்டியது.

"குரங்குக்கு யார் சொன்னது?" என்றார் யானையார்.

"எருமைங்கய்யா."

"எருமைக்கு?"

"கொக்குங்கய்யா."

"கொக்குக்கு?"

புள்ளிச்சி யோசித்தது. "நான்தாங்கய்யா! அப்போ என்னையும் சேர்த்தா நாலு ஆதாரம்!"

யானையார் தும்பிக்கையால் தலையில் அடித்துக்கொண்டார். "நேர்ல தெரிஞ்ச ஆதாரம் ஒண்ணாவது கொண்டு வாம்மா!"

அவ்வளவுதானே? முதலையையே கேட்டால் போச்சு! புள்ளிச்சி குளக்கரைக்கு ஓடியது. தாகத்தோடு கூட்டமும் பின்னாலேயே ஓடியது.

"அண்ணே, நீங்க சைவமா?"

"பொறந்ததுல இருந்தே! வெள்ளிக்கிழமையானா பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படாது!" என்றது முதலை, தண்ணீருக்குள் கிடந்தபடியே. புள்ளிச்சி அதையும் எழுதிக்கொண்டது!

அப்போது முதலையின் கடைவாயில் ஏதோ கிணுகிணுத்தது. பார்த்தால், ஆட்டுக் கழுத்து மணி!

"அது என்னண்ணே?"

"போன வருஷம் பக்கத்துக் காட்டுப் பொண்ணு ஒண்ணு இதே தலைப்புல ஆராய்ச்சி பண்ண வந்துச்சு. ரொம்ப நல்ல பொண்ணு..." சொல்லிக்கொண்டே முதலை பாய்ந்தது!

புள்ளிச்சி எகிறிக் குதித்தது. உயிர் தப்பியது, வால் தப்பவில்லை. கூட்டம் அலறியடித்து ஓடி, தூரத்து ஆற்றில் போய்த் தண்ணீர் குடித்தது.

புள்ளிச்சி அழுதுகொண்டே யானையார் முன்னால் போய், திரும்பி நின்றது.

"இதுதாம்மா ஆதாரம்!" என்று யானையார் முழு மதிப்பெண் போட்டார்.

ஆகவே, ஒரு செய்தியை எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணிக்கொண்டிராமல், அவர்களுக்கு அதை யார் சொன்னது என்று முதலில் விசாரிக்க வேண்டும்.